ஒட்டுத்துண்டின் கீழே ஒரு பொய்மொழி

பசைக்குச்சியின் வாசனை இன்னும் போகவில்லை. மாயன் மொழிக் குடும்பத்துக்கு நாம் வரைந்த மரத்தை இன்றைக்குத்தான் விரித்தேன், அதுவும் வாய்மொழிப் பரீட்சை மேசையின் பச்சைத் துணிமேல். நீ போன பிறகு உன் அம்மா சுருளாகக் கொண்டுவந்து தந்தது. மூன்று கிழமையாக அதை அவிழ்க்கப் பயம்.

ஏன் பயம் என்று உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். யுகதான், மேற்கு, கிழக்கு என்று கிளைகளை நீ பொறுமையாக எழுத, எல்லாருக்கும் முதலே பிரிந்து தூர வடக்குக்குப் போன வாஸ்தெக்குக்குப் பக்கத்தில் நான் 'கோல்திங்தெக்' என்றொரு மொழியைப் பிறப்பித்தேன். நாம் வளர்ந்த டேனிஷ் ஊரான கோல்டிங்குக்கும் ஒரு கிளை வேண்டாமா? நீ கண்டுபிடித்துக் கத்துவாய் என்று காத்திருந்தேன். நிறம் தீட்டவென்று மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாய். அடுத்த கிழமை நீ ஆஸ்பத்திரியில்.

அந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்துப் பேசிவிடலாம் என்பது என் திட்டம். விரித்தால் என் பொய்யைக் காணவில்லை. அதன்மேல் ஒரு ஒட்டுத்துண்டு, உன் எழுத்தில் 'சிக்கோமுசெல்தெக்'. கீழே சின்னதாய்: 'தெற்கே, சியாப்பாஸ். இப்போது பேச ஆளில்லை.'

ஆளையாள் பேய்க்காட்டியே வளர்ந்தவர்கள் நாம். என் பொய்க்குப் பதிலாய் நீயும் ஒரு பொய்மொழியை ஒட்டிப் பழிவாங்கவில்லையென்று எப்படி நம்புவது?

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சரியாக அதிலேயே விரலை வைத்தார். வாஸ்தெக் வடக்கில், இது தெற்கில், பிறகேன் ஒரே கிளை என்று கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோழியின் பகிடி என்று உன்னைக் காட்டிக்கொடுத்துத் தப்பலாம். அல்லது உன்னை நம்பி நின்று நாறலாம்.

நீ முன்பு என்னை ஏசியது ஞாபகம் வந்தது: "பக்கத்து வீட்டுக் கிழவரோடை நாள்தோறும் கதைக்கிறம், அதுக்காக அவர் சொந்தமே? எங்கையோ தூர ஸ்கீவவிலை இருக்கிற மாமிதான் சொந்தம். இடத்தை விட்டிட்டுச் சொல்லுகளைப் பாரடி, விசரி."

மாமியை விட்டுவிட்டு மிச்சத்தை டேனிஷில் சொன்னேன். பொதுவான பழைய சொற்களும் ஒரேமாதிரி மாறிய ஒலிகளும்தான் கிளையைத் தீர்மானிக்கும், தூரமல்ல என்றேன். அவர் தலையாட்டினார். செத்துப்போன மொழிதான், ஆனால் உண்மையானது என்றார்.

வீட்டுக்கு வந்து துண்டின் ஓரத்தை உரித்தேன். அடியில் என் கோல்திங்தெக். அதன் பக்கத்தில் உன் பென்சில்: "பிடிச்சிட்டன். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

சொல்லியிருக்கலாம். நாலு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், நாலு தரமும் வேறு பகிடி விட்டேன்.

துண்டைத் திரும்ப ஒட்டிவிட்டேன். இப்போது எதை எழுதினாலும் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே பிடிக்க ஒருவரும் இல்லாததுதான் பயமாக இருக்கிறது.