சேலைகளுக்கு அடியில் இருந்த கடிதம்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. இதுவரை எழுதி முடிப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் ஆறிவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசி. அறுபத்தொன்பது வயதில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

இன்னும் என் விரல்களில் உன் அலுமாரியின் அந்துருண்டை வாசனை இருக்கிறது. போன மாதம் அதைத் திறந்தேன். திறக்காமலே காலத்தைக் கடத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசிக்க வருகிறது. கெலிஓயா சந்தியில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸின் பலகையை எல்லாம் வாசிக்கிறேன். கம்பளை, பேராதனை, கண்டி. போக வேண்டிய பஸ்ஸை வாசித்துவிட்டு, ஏற மறந்து நின்றுவிட்ட நாளும் உண்டு. நாற்பது வருடம் முதுகில் சுமந்த அரிசி மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ‘கொக்கி போடாதீர்கள்.’ நான் கொக்கி போட்டுத்தான் இழுத்தேன்.

கற்றுக்கொடுத்தவள் நம் மகள். நீ போன பிறகு, லைட் பில் கட்டாமல் கரண்டை வெட்ட ஆள் வந்த அன்றுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அதுவரை அப்பாவுக்குக் கண் மங்கல் என்றுதானே நாம் இருவரும் சொல்லி வைத்திருந்தோம். நீ வீட்டுக்கு வரும் தாள்களின் மூலையை மடித்து வைப்பாய். ஒரு மடிப்பு என்றால் லைட் பில், இரண்டு என்றால் தண்ணீர், மூன்று என்றால் உன் கிளினிக் சீட்டு. மடிப்பைத் தடவிப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்க் காரியத்தை முடித்து வருவேன். கையெழுத்தை மட்டும் படம் வரைகிற மாதிரி வரையப் பழக்கினாய். “புள்ளைக்கு முன்னால நீங்க தலை குனியக் கூடாது” என்றாய். நானும் குனியவில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி மாதம் உனக்கு எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது. மகள் கம்பஸில் பட்டப்படிப்பின் கடைசி வருடம். புத்தகத்தோடு வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்வாள். புத்தகம் திறக்கப்படாமலே கிடக்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை உன்னைப் புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் புண் வராமல் இருக்க எங்கே தலையணை வைப்பது என்று வார்டில் இருந்த தாதி மிஸ்ஸி அவளுக்குக் காட்டிக்கொடுத்தார்.

“நீ என்னா படிக்கிற?”

“விலங்கியல், மிஸ்ஸி.”

“தவளையா? தவளை செத்த பிறகுதானே தொடுவீங்க. இங்க வந்துரு, உயிரோட இருக்கிறத தொடலாம்.”

நீ சிரித்தாய். பிறகு என்னிடம், “இவ கை பட்டா வலிக்கல” என்றாய். அதுதான் நீ தெளிவாகப் பேசிய கடைசி நாள்.

அந்த வாரம் நான்கு பாடங்களுக்குப் பரீட்சை. அவள் போகவில்லை. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கம்பஸுக்கு எழுதிக்கொடுத்திருந்தாள். சில நாள் கழித்துத் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். அதில் மடிப்பு இல்லை. யார் மடிப்பது? சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன்னிடம் கொண்டுவந்தேன். நீ கண் திறக்கவில்லை. நாளைக்குத் திறப்பாய், ஒரு பார்வை பார்த்து மூலையை மடித்துத் தருவாய் என்று நான்கு நாள் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வார்டு வாசலில் மகள் கேட்டாள்.

“எனக்குக் கடிதம் ஏதும் வந்துச்சாப்பா?”

“இல்லம்மா.”

பையில் இருந்தது அவளுக்கு வந்ததா, எனக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால், உறையின் மேலே இருக்கிற பெயரைக்கூட அப்பாவால் வாசிக்க முடியாதா என்று கேட்பாளே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இல்லை என்றேன்.

உன் காரியமெல்லாம் முடிந்து அவள் கம்பஸுக்குப் போனபோது, கடிதம் அனுப்பினோம், பதில் வரவில்லை, தவணை முடிந்துவிட்டது என்றார்களாம். வந்து தபால்காரரை வாசலில் நிறுத்தி ஏசினாள். “ஒங்க கையில குடுத்த கடிதத்த எந்த ஆத்துல போட்டீங்க?” அந்த மனுஷன் பையைக் கவிழ்த்துக் காட்டாத குறை. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனதில் அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த உறையை உன் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். லைட் பில்லாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வருடம் சொன்னேன். வாசிக்கப் பழகிய பிறகு கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்தேன், மருந்துப் போத்தலைக்கூட விடவில்லை. அந்த அலுமாரிப் பக்கம் மட்டும் போகவில்லை.

அடுத்த வருடம் அந்த நான்கு பாடங்களையும் எழுதி அவள் பட்டதாரி ஆகிவிட்டாள். ஆனால் சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சி, அதுவும் கடைசிப் படி. ஒரு பாமசியில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள். தாதியாக வேண்டும் என்று இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டாள். இரண்டு இடத்தில் பரீட்சைப் புள்ளியைப் பார்த்தவுடனே திருப்பிவிட்டார்கள். போன மாதம் கண்டியில் ஒரு தாதியர் பாடசாலை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. புள்ளி குறைந்ததற்குக் காரணமும், அதற்கு ஆதாரமும் கொண்டுவரச் சொன்னார்கள். வயது எல்லைக்கு அவளுக்கு இன்னும் சில மாதம்தான். “இதுதான்பா கடைசி” என்றாள். பிறப்புச் சான்றிதழ் உன் அலுமாரியில் இருக்கிறது, எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

சான்றிதழை எடுத்தேன். உறையும் கூடவே வந்தது. அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். உள்ளே மூன்று மொழியில் அச்சடித்த தாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை இரண்டு வாரத்துக்குள் தந்தால் பரீட்சையைப் புதிதாக எழுதலாம். தராவிட்டால் பிறகு எவ்வளவு நன்றாக எழுதினாலும் குறைந்த சித்திதான் கிடைக்கும். வாசித்து முடிக்க எனக்கு ஒரு காலை முழுவதும் சென்றது. இடையில் ஒரு கஷ்டமான சொல்லைச் சரியாக வாசித்துவிட்டேன் என்று சந்தோஷம் வந்தது. அப்படியும் ஒரு மனம் இருக்கிறது, பார்.

அடுப்பில் நெருப்பு இருந்தது. போட்டிருந்தால் முடிந்தது. ஆனால் அவளிடம் கேட்ட ஆதாரம் இந்த ஒன்றுதான். கொடுத்தால் அவளுக்கு வழி திறக்கலாம், ஆனால் அவள் வாழ்க்கையை அடைத்தது நான் என்றும் தெரிந்துவிடும். மூன்று நாள் அடுப்புக்கும் அலுமாரிக்குமாக நடந்தேன். பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவள், “என்னப்பா, இன்னைக்கு எழுத்தெல்லாம் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது?” என்று சிரித்தாள்.

கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே வாசித்தாள்.

“நான் கேட்டேனேப்பா.”

இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, “இத நான் கொண்டு போகல” என்றாள். “எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாதுன்னு சொல்லி எடம் வாங்கணுமா?”

“இப்பத்தான் தெரியுமே. அப்ப தெரியாதுன்னு தாராளமா சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. அன்றே நான் ஒரு தாள் எழுதினேன். ‘இந்தக் கடிதம் என்னிடம் இருந்தது. மகள் பார்க்கவில்லை. எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். குற்றம் என்னுடையது.’ கீழே பெயரை வரையாமல் எழுதினேன். அவள் அதை வாங்கி, ஒரு பிழையும் திருத்தாமல் கோப்புக்குள் வைத்தாள். வெளியே போய், நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடும் தபால்காரரை நிறுத்தினாள்.

“நானா, அன்னைக்கு ஏசினது என் பிழை. கடிதம் வீட்டுலதான் இருந்துச்சு.”

“அத நான் எப்பவோ மறந்துட்டேன் மகள். ஒங்க நாய்தான் இன்னும் ஏசுது.”

நேர்முகத்துக்கு நானும் போனேன். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததும் எழுந்து எதிரே போனேன்.

“என்ன கேட்டாங்க?”

“அம்மாவ எப்படிப் புரட்டினேன்னு கேட்டாங்க. தலையணைய வச்சுக் காட்டினேன். ஒங்க தாள அந்தப் பெரிய மிஸ் ரெண்டு தரம் வாசிச்சாங்க.”

“எடம்?”

“ஆறு மாசம் பாப்பாங்களாம். ஒரு பாடத்துல விழுந்தாலும் வீட்டுக்குத்தான்.”

வருகிற திங்கட்கிழமை விடுதிக்குப் போகிறாள். நல்ல சேதிதான். வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் என்னிடம் அவள் இன்னும் அளந்துதான் பேசுகிறாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டில் அவளும் நானும் ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி நடக்கிறோம், மோதாமல்.

நேற்றுப் பெட்டி அடுக்கும்போது, “வாரத்துக்கு ஒரு தரம் போன் எடுக்கவா?” என்று கேட்டேன்.

“போன் வேணாம். எழுதுங்க.”

“என்னத்த எழுத?”

“அன்னைக்கு ஏன் இல்லன்னு சொன்னீங்கன்னு. நேர்ல கேட்டா நீங்க அழுதுருவீங்க, நானும் விட்டுருவேன். எழுதுங்கப்பா. நான் வாசிக்கிறேன்.”

உனக்கு எழுதியது சுலபம். உனக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு என்ன எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ‘அன்புள்ள மகளுக்கு’ என்று ஒரு தாளில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டு கடிதம் எழுத வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, முதலில் அவளுக்கு, பிறகுதான் உனக்கு.