கரடிக்குக் கட்டில்

அக்டோபர் 6, திங்கள்

எங்கள் ஓட்டலின் வரவேற்பு மேசைக்குப் புதிதாக வந்திருப்பவளுக்கு இன்று சிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். விருந்தினர் கத்தினாலும் சிரிக்க வேண்டும். ஓட்டலை ஒட்டிய கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் பாதியில் நின்றுவிட்டது என்று குழந்தையோடு சண்டைக்கு வந்தாலும் சிரிக்க வேண்டும். "வீட்டுக்குப் போனப்புறமும் சிரிப்பு நிக்கலேன்னா என்னக்கா பண்றது?" என்று கேட்டாள். பிழைத்துக்கொள்வாள்.

கடலில் ஏதோ உருவாகிறதாம். டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 8, புதன்

வட்டம் புயலாகிவிட்டது. நம் பக்கம்தான் வருகிறதாம். மேலாளர் இன்னும் பூங்காவை மூடவில்லை. நாமாக மூடினால் முன்பதிவுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அரசாங்கம் மூடச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. வந்தால் வாருங்கள், வராவிட்டால் பணம் வராது என்பதைத் தேன் தடவிச் சொல்ல எங்களுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது.

புயல் ட்யூட்டியில் என்னையும் போட்டிருக்கிறார்கள். புயல் கடந்து போகும்வரை ஓட்டலிலேயே தங்கி விருந்தினரைக் கவனிக்க வேண்டும். போன வருடம் முடியாது என்று சொன்ன சமையல்காரர் இப்போது இங்கே இல்லை.

அம்மாவை என்ன செய்வது?

அக்டோபர் 9, வியாழன்

மேலாளரிடம் கேட்டே விட்டேன். எங்கள் வீடு கால்வாய்க்குப் பக்கத்தில், தரைத்தளம். சாதாரண மழைக்கே தண்ணீர் படியேறும். அம்மாவுக்கு இடுப்பில் தகடு வைத்திருக்கிறது, ஊன்றுகோல் இல்லாமல் நகர முடியாது. புயல் நிவாரண முகாமில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இங்கே பாதி அறைகள் காலி. அறைகூட வேண்டாம் சார், ஒரு மூலை போதும் என்றேன்.

"உங்களுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்மா" என்றார்.

கொடுங்களேன்யா, யார் வேண்டாம் என்றது? — இதைச் சொல்லவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டே வந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒருவழியாக அரசாங்கம் சொல்லி, பூங்காவை மூடினார்கள். ராட்சத ராட்டினத்தின் பெட்டிகளைக் கழற்றி இறக்கினார்கள். நீச்சல் குளத்தைச் சுற்றிக் கிடந்த நாற்காலிகளைக் குளத்துக்குள்ளேயே தள்ளி மூழ்கடித்தார்கள். வெளியே விட்டால் காற்று தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் அடிக்குமாம். நாற்காலிக்குக்கூட ஒதுங்க இடம் பார்த்தாயிற்று.

கடலோர வீடுகளிலிருந்து கார்களில் கிளம்பி வந்தவர்கள் அறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இது நாய் பூனை சேர்க்காத ஓட்டல். இன்று ஒரு சுற்றறிக்கை: 'புயல் காலத்தில் மட்டும், மனிதாபிமான அடிப்படையில், விருந்தினரின் செல்லப் பிராணிகள் அனுமதிக்கப்படும்.' மனிதாபிமானம். நாய்க்கு. ஒரு சடைநாய் வந்து என் மேசைமேல் மூக்கை வைத்தது. அதற்குத் தண்ணீர்க் கிண்ணமும் விரிப்பும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நாய்மேல் எனக்குக் கோபமில்லை. இடி இடித்தால் நடுங்குகிறது, பாவம். எங்கம்மாவும்தான் நடுங்குவாள். அவளுக்கு யார் விரிப்பு போடுவது?

மதியம் பூங்காவிலிருந்து, குழந்தைகளோடு ஆடுகிறவர்கள் போடும் வேஷ உடைகள் வந்து இறங்கின. கரடி, முயல். தலை தனி, உடம்பு தனி. ஈரம் பட்டால் பாழாகிவிடும் என்று மூன்றாம் மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளை விரிப்பு. தலையணைமேல் கரடித் தலை. ஏசி வேறு ஓடுகிறது.

பார்த்துக்கொண்டே நின்றேன். உடைகளுக்குப் பொறுப்பான தையல் அக்கா, அம்மாவை எங்கே விட்டிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சோக அழுகை இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வரும் அழுகை.

"உடை வண்டி இன்னும் ஒரு நடை போகணும். உங்க வீட்டு வழியா போகச் சொல்றேன்" என்றார்.

இங்கே ஒரு விதி உண்டு. தலை இல்லாத கரடியை எந்தக் குழந்தையும் பார்த்துவிடக்கூடாது. அதனால் உடை வண்டியைக் காவலாளி வாசலில் திறந்து பார்க்கமாட்டார். உடை அறைக்குள் அக்காவைத் தவிர யாரும் போகக்கூடாது. இத்தனை வருடம் கேலி செய்த விதி, இன்று கைகொடுத்தது.

சாயங்காலம் அம்மா, கடைசி நடையில் வந்த யானை உடையின் காதைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். சரக்கு லிஃப்டில் ஏற்றினோம். கரடித் தலையைத் தூக்கித் தரையில் வைத்தேன். அம்மா கட்டிலில் படுத்தாள்.

அக்டோபர் 11, சனி

காற்று. கடல் பக்க அறைகளில் இருந்தவர்களையெல்லாம் உள்தாழ்வாரத்துக்கு மாற்றினோம். எல்லாருக்கும் டார்ச், பிஸ்கட், சிரிப்பு.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் காற்று திசை மாறி ஓட்டலின் பின்பக்கம் அடிக்க ஆரம்பித்தது. கரண்ட் இல்லை. தாழ்வாரம் முழுக்கக் குழந்தைகள் அழுகை. கரடியை ஒரு சுற்று உலவவிட்டால் சமாதானம் ஆவார்கள் என்று மேலாளருக்கு யோசனை வந்துவிட்டது. அக்கா கீழே சமையலறையில் சாப்பாடு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் கதவையும் திறக்கும் சாவி தன்னிடமே இருக்கிறதே என்று மேலாளரே கிளம்பிவிட்டார். பின்னாலேயே மாடிப்படியில் ஓடினேன். தடுக்க ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

கதவைத் திறந்தார். பால்கனிக் கதவின் இடுக்கில் மழை பீச்சி அடித்திருக்கிறது. அம்மா என்ன செய்வாள்? கையில் கிடைத்ததை எடுத்து அடைத்திருக்கிறாள். கரடியின் உடம்பு முழுவதும் அந்த இடுக்கில். முயல் தரையில் மிதியடியாகக் கிடக்கிறது. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஊன்றுகோலால் கரடியின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதவைச் சாத்துங்க தம்பி, காத்து சுழட்டுது" என்றாள்.

அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. "ஐயோ, கரடி" என்றார்.

என் சிரிப்பு அங்கேயே தீர்ந்துபோயிற்று.

"அது துணி சார். இது எங்கம்மா" என்றேன். அப்புறம் என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. கரடிக்குக் கட்டில் போட்டீங்க, நாய்க்கு விரிப்பு போட்டீங்க, நாற்காலிக்குக் குளம் கொடுத்தீங்க, ஒரு மூலை கேட்டேனே, ஒரே ஒரு மூலை... தொண்டை கிழிந்தது. தாழ்வாரத்தில் கதவுகள் திறந்தன. சடைநாய்க்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மேலாளர் அவர்கள் பக்கம் திரும்பினார். உடனே முகம் மாறியது. ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள் என்று சிரித்தார். நான் புதியவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு.

அம்மாவை வெளியே அனுப்பவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

அக்டோபர் 14, செவ்வாய்

வீட்டுக்குப் போனோம். கட்டில் மிதந்து போய் சமையலறை வாசலில் சிக்கி நிற்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் சேற்றுக்கோடு. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஊன்றுகோலை உயர்த்தி அந்தக் கோட்டைத் தொட்டாள். அவள் தலைக்கு மேலே இருந்தது.

இரண்டு பேரும் சேற்றை வழித்தோம்.

அக்டோபர் 20, திங்கள்

விசாரணை. கரடி வெளிநாட்டிலிருந்து வந்ததாம், முயல் இனி நிமிராதாம். வெளியாளை உள்ளே கொண்டுவர உதவியது யார் என்று கேட்டார்கள். நானே, நான் மட்டும்தான் என்றேன். கதவுக்கு வெளியே நின்ற தையல் அக்கா உள்ளே வந்து, "வண்டி என்னுது, சாவி என்னுது. இவ அம்மா பறந்தா வந்தாங்க?" என்றார்.

சேற்றுக்கோட்டைச் சொன்னேன். அது இந்த விசாரணையில் வராது என்றார்கள். வராதாம்! என் அம்மா செத்திருப்பாள் என்பது எதில்தான் வரும்?

அக்காவுக்கு எச்சரிக்கை. எனக்கு வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலை. அங்கே சிரிக்க வேண்டியதில்லை.

நவம்பர் 17, திங்கள்

டிவியில் இன்னொரு வட்டம். வரவேற்பு மேசை வேலை தெரிந்தவள் வேண்டுமாம், என்னையும் மேலே கூப்பிட்டார்கள். ட்யூட்டிக்கு வருகிறாயா என்று மேலாளர் கேட்டார். "அம்மாவை என்ன சார் பண்றது?" என்றேன். முகத்தைச் சுளித்தார்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாருமே அதையேதான் கேட்டிருக்கிறார்கள். காவலாளி, சலவைக்காரர், கரடி வேஷம் போடுகிறவர். புதியவளும் கேட்டாளாம். அவள் அம்மா இருப்பது கடலே இல்லாத ஊரில்.

நவம்பர் 19, புதன்

சுற்றறிக்கை வந்துவிட்டது. புயல் ட்யூட்டியில் இருப்பவர்கள் குடும்பத்தினர் இருவரை அழைத்து வரலாம். மூன்றாம் மாடி. படித்ததும் தையல் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அப்புறம் கீழே சிறிய எழுத்தைப் படித்தேன். 'செல்லப் பிராணிகளுக்கான விதிமுறைகள் இவர்களுக்கும் பொருந்தும்.' தாழ்வாரத்தில் தனியாக விடக்கூடாது. சத்தம் எழுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவுக்கூடத்துக்குள் அழைத்து வரக்கூடாது.

புதிதாக நான்கு வரி எழுதக்கூட இவர்களுக்குக் கை வரவில்லை. கிழித்து முகத்தில் எறிந்துவிட்டு வரலாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். "உன்னை வரச் சொல்லியிருக்காங்க" என்றேன். அவள் உடனே வெள்ளத்தில் கிழிந்துபோன பழைய போர்வையை எடுத்து மடித்துப் பைக்குள் முதலில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"கதவிடுக்குக்குத்தான். பாவம், அந்தத் தம்பி கரடிக்காக அவ்வளவு வருத்தப்பட்டாரே."

அவளுடைய நல்ல புடவை ஒன்றை எடுத்துப் போர்வைக்கு மேல் வைத்தேன். எதற்கு என்று கேட்டாள். உணவுக்கூடத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம், அதற்கு என்றேன்.