சின்னவன் உடம்பில் ஓடிய உன் ரத்தம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? போன் அடித்தால் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். உன்னோடு தங்கியிருக்கும் பெண் அப்பாவிடம் பேசினாள். அவ சாப்பிடறதே இல்ல அங்கிள், என் உடம்பு செல்தான் என் தம்பியைக் கொன்னுடுச்சுன்னு புலம்பிக்கிட்டே இருக்கா என்றாளாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி பைத்தியமே, அறிவியல் டீச்சர் பெற்ற பெண் பேசுகிற பேச்சா இது?

இந்த வாரம்தான் பள்ளிக்குத் திரும்பப் போனேன். போனதும் செல் பாடம், என் தலையெழுத்து. வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு டீச்சர் என்று பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஆமாம், ஆனால் இது உயிருள்ள செங்கல், தானே வளர்ந்து தானே இரண்டாகப் பிரியும், புல்லும் யானையும் நாமும் இதனால் ஆனதுதான் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருத்தி எழுந்து, ஒருத்தர் செல்லை இன்னொருத்தருக்குப் போட்டா அதுக்குத் தெரியுமா டீச்சர் என்றாள். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன்.

தெரியும், அதுதான் வினை. அவன் ரத்தப் புற்றுக்கு நீ கொடுத்த எலும்பு மஜ்ஜை அவனுக்குள் போய் ஒழுங்காக ரத்தம் செய்தது. ஆனால் அந்த ரத்தத்தில் காவலுக்கு நிற்கிற செல்லுக்கு அவன் தோலும் குடலும் அயலார் வீடு, பாய்ந்துவிட்டது. அக்கா தம்பி உறவெல்லாம் அதற்கு ஏது? அதில் உன் குற்றம் எங்கே வந்தது? உள்ள வந்தும் என்னை அடிக்கிறியேக்கா என்று போனில் அவன் சொன்னது கிண்டல்டி. ரிமோட்டுக்காக நீங்கள் கட்டிப் புரண்ட ஞாபகத்தில் சொன்னான். சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தான், நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ கொடுத்திராவிட்டால் அவன் ஆஸ்பத்திரியை விட்டே வந்திருக்க மாட்டான். வந்தான், அப்பாவைக் கேரமில் தோற்கடித்தான், என் சமையலைக் குறை சொன்னான். அதுவும் இல்லாமல் போயிருந்தால் நான் எதை நினைத்து அழுவேன்? அவனுக்குக் கிருமி ஒட்டக்கூடாதென்று பழகினதில், அப்பா இன்னும் வாசலிலேயே முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கடைசியில் அவன் ரத்த வகைகூட உன்னுடையதாக மாறியிருந்தது, மறக்காதே. இனி அந்த ரத்தம் ஓடுவது உன் ஒருத்தி உடம்பில்தான், அதைப் பட்டினி போடாதே. போன் அடிப்பேன், எடு.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா