"இன்னா, சரியா?" என்று கேட்கும் ஸ்கிரிப்ட்

இன்று காலை ரயிலில் லேப்டாப்பைத் திறந்து, சர்வர் அமைப்புகளை மாற்றும் நம் ஸ்கிரிப்டை ஓட்டினேன். ப்ராப்பர்டீஸ் ஃபைலில் உள்ள மதிப்புகளை வரிசையாகக் காட்டிவிட்டு வழக்கம்போல நின்றது. "இன்னா, சரியா?" ஆங்கில எழுத்தில் நீ அடித்து வைத்த கேள்வி. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. இது மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் அடிக்கக் கை வரவில்லை. எழுந்து கதவோரம் போய் நின்றேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். புது மேலாளர் நேற்று அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்லிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகத்தான் சொன்னார். "ஏனுங்க, இனி எல்லாம் ஆளில்லாம தானா ஓடணும். நின்னு நின்னு கேட்டா எப்படிங்க? நாளைக்குள்ள எடுத்துருங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

சோதனை சர்வருக்கான ஃபைலை நிஜ சர்வரில் ஏற்றினாயே, ஞாபகம் இருக்கிறதா? டேட்டாபேஸ் முகவரி மாறிப்போய், மருந்துக்கடைகள் போட்ட ஆர்டரெல்லாம் சோதனைக் குப்பையோடு கலந்தன. பொழுதெல்லாம் பொறுக்கியெடுத்தோம். திரும்பும் ரயிலில் பங்காரப்பேட்டை தாண்டியதும் நீ சொன்னாய்: "எங்கப்பாவுக்கு சுரங்க ஷாஃப்டுல மணி அடிக்கிற வேலை. கீழருந்து அடிச்ச மணிய மேல அதே மாரி திருப்பி அடிச்சாத்தான் ஆளுங்க ஏறி எறங்குற கேஜ் நகரும். நம்ம ஸ்கிரிப்டுக்கு மட்டும் இன்னா கேடு, கேக்காம கொள்ளாம ஓடுது?"

"அதுக்கு நம்ம ஊர் பாஷைலயா கேக்கணும்? ஆபீஸ்ல சிரிப்பாங்கடி" என்றேன்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் நின்னு படிப்பான் இல்ல?"

பிறகு காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. நம் ஊர் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் உன் அம்மாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். என்ன பேசுவது? கோபம் கோபமாக வருகிறது, உன் மேல்தான்.

மத்தியானம் வரை அந்த வரியைத் தொடவில்லை. இரண்டு தரம் டீ குடித்தேன், யார் மேலேயோ எரிந்து விழுந்தேன். கடைசியில் வேறு மாதிரி எழுதினேன். இனி ஸ்கிரிப்ட் முதலில் சர்வரிடமே அதன் பெயரைக் கேட்கும். ஃபைலில் உள்ள பெயரோடு பொருந்தினால்தான் மதிப்புகளை ஏற்றும். ஏற்றியதைத் திருப்பி வாசித்து ஒப்பிடும். வேண்டுமென்றே தப்பான ஃபைலைக் கொடுத்துப் பார்த்தேன். நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. மேலாளருக்குத் திருப்தி. உன் வரியை அழித்தேன்.

அழித்த கையோடு, பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பி, "இன்னாடி, சரியா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே இப்போது உட்காருகிறவள் நம் ஊருக்குப் பக்கத்துப் பேத்தமங்களாப் பெண். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"சரியாத்தான் கீதுக்கா" என்றாள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த ஃபைலையும் அவளிடம் காட்டிக் கேட்டேன்.