பெல்ட்டும் இரண்டு துணித்துண்டும்

கிளிநொச்சி,
12.3.1961

அன்புள்ள திரேசம்மாவுக்கு,

மாதா காவலில் நீயும் மாமியும் மகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமியின் சளி இறங்கியதா? நான் சுகம். போன மாதம் ரேடியேட்டரின் சுடுதண்ணீர் பட்ட இரண்டு கையும் ஆறிவிட்டன. விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி இன்னும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கார் திருத்தும் கராச்சில் ஒரு பகிடி, கேட்டால் சிரிப்பாய். ஒரு காரின் விசிறி பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலம் இறங்கினால் சரி. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன மனுவேல், இறுக்கம் காணுமோ?" என்றார் முதலாளி.

"ஓம், காணும், இவ்வளவு போதும்" என்றேன்.

கார் பூநகரிப் பாதையில் கொதித்து நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இப்போது முதலாளி என்னைக் கார்களின் சில்லுக் கழுவ விட்டிருக்கிறார். பெட்டியில் கிடக்கும் என் பழைய அடிமட்டத்தை அனுப்பு. இனி அளந்தே பார்க்கலாம்.

மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள் சட்டைக்கு, தொட்டால் எது மெதுவென்று கேட்டு இரண்டு துணித்துண்டு அனுப்பியிருந்தாய். நெடுநேரம் தடவிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. நீயே பார்த்துத் தை.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன். சட்டையைப் போட்டதும் உடம்புக்கு மெதுவாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்டு எழுது.

மனுவேல்