கோபுரம் இல்லாத சர்ச்

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

என் அன்புக்குரிய உங்களுக்குக் கவிநிலா எழுதுவது. நானும் நம் பெண் சினேகாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் ஜாஸ்தி என்றீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனை எடுத்தாலே உங்கள் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அவர் காதுபட இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

நேற்றுக் காலை கிரிவலக் கூட்டத்துக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமாவின் நாற்காலி காலி. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவர், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மூன்று மணி நேரம் தேடிய பிறகு ஒரு போன். அவர் சட்டைப் பையில் நாம் வைத்திருந்த நம்பரைப் பார்த்து யாரோ ஒரு பெண், பெரியவர் எங்கள் சர்ச்சில் இருக்கிறார் என்றார். எந்தச் சர்ச் என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. பௌர்ணமியன்று டவர் கிடைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். திருப்பி அடித்தால் போகவே இல்லை.

சக்திவேல் அண்ணனின் ஆட்டோவில் சுற்றுவழியாக டவுனுக்குப் போனேன். எனக்குச் சர்ச் என்றால் உயரமான கோபுரமும் மணியும்தான். அப்படி ஒன்றைக் கண்டதும் இறங்கி உள்ளே ஓடினேன். மாமா இல்லை. பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ராணியம்மாள் என்பவர் தண்ணீர் கொடுத்து விசாரித்தார். இது பங்குக் கோயில், ஊர் ஜனங்கள் பூசைக்கு வருவது, பேராலயம் என்றால் வேலூரில், பிஷப் என்கிற ஆயர் இருக்கிற இடத்தில், சி.எஸ்.ஐ. கோயில் வேறு, தகரக் கொட்டகை போட்ட ஜெப வீடுகள் வேறு என்றார். இத்தனையும் ஏறி இறங்குவதற்குள் மாமாவுக்கு என்ன ஆகும்?

"போன்ல பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சும்மா? டிரம்ஸா, மைக்கா?" என்று கேட்டார்.

இரண்டும் இல்லை, நாலைந்து பெண்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார்கள் என்றேன்.

"அது ஜெபமாலை. சிஸ்டருங்க தங்கற வீட்டுக்குள்ளயே சின்னதா கோயில் இருக்கும். கோபுரம் கீபுரம் இருக்காது, வெளிய பாத்தா வீடுதான்."

அவர் சொன்ன செங்கம் ரோட்டுச் சந்தில் மூன்று கதவுகளைத் தட்டினேன். நாலாவது வீட்டில் நம் கூடம் அளவுக்கு ஒரு அறை. பாய் விரித்து ஆறு சிஸ்டர்கள், நடுவில் மாமா. கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். கஞ்சி கொடுத்திருந்தார்கள். பாதம் கொப்பளித்திருந்தது.

மாமா என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்துவிட்டு சிஸ்டரிடம் திரும்பி, "யாரு இந்தப் பொண்ணு? எம் பையன் வந்து கூட்டிக்கினு போவான்" என்றார்.

எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில் போனில் உங்கள் படத்தைக் காட்டினேன். விரலால் தடவி, "வளவன்" என்றார். நீங்கள் அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்று சொன்ன பிறகே என் கையைப் பிடித்தார்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. காண்ட்ராக்ட் முடியப் பதினான்கு மாதம் இருப்பது தெரியும். இன்று காலையிலிருந்து மூன்று தடவை அந்தப் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பெயரைச் சொன்னார்.

லீவு கேட்டுப் பாருங்கள். அண்ணாமலையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
கவிநிலா