முப்பத்தொரு கேள்விகள்

மார்ச் 3, செவ்வாய்

பட்டியல் முடிந்தது. மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். வெளிநாட்டுக் கணவன் ஒருவன் விமானத்தை விட்டு இறங்கினால் குடிவரவு அதிகாரி என்னென்ன கேட்பார் என்று மூன்று வாரமாகக் கண்டவரையெல்லாம் விசாரித்துச் சேர்த்தது. நான் தைக்கிற திரைச்சீலைக் கடையில் ஜன்னல் அளவு எழுதும் நீள நோட்டில், ஒரே தாளில், இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் நான் எழுதிய பதில். பக்கத்து மெஷின் வாயாடி எட்டிப் பார்த்தாள். "பரீட்சை உங்களுக்கா அக்கா, உங்க வீட்டுக்காரருக்கா?" அவள் கணவனும் வேறு நாட்டுக்காரன்தான். அவள் முறை வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இவர் இருபத்தொன்றாம் தேதி வருகிறார். கல்யாணமாகிப் பதினேழு மாதத்தில் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் வருகையாளர் விசாவில், இரண்டே வாரம். கல்யாணமானதும் வேலையை விட்டு நான் அங்கே வருகிறேன் என்றேன். "உனக்கு எதுக்கு அலைச்சல், நான் வந்துடறேன்" என்றார். நிரந்தரமாக வருவதற்கான மனுவில் என் பங்குக் காகிதங்களை எட்டு மாதம் முன்பே கையெழுத்துப் போட்டு இவருக்கு அனுப்பிவிட்டேன். மனு "பரிசீலனையில இருக்கு" என்கிறார். கூப்பிட்டதும் கிளம்ப வசதியாக, ஜனவரியில் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டார்.

அங்கேதான் சிக்கல். சும்மா பார்க்க வருகிறவர் திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: வேலை, வீடு. இவரிடம் இரண்டும் இல்லை. பழைய மேலாளர், இன்னும் வேலையில் இருப்பதாக ஒரு கடிதம் தருகிறாராம். வீட்டு ஒப்பந்தம் நண்பர் ஒருவர் ஏற்பாடாம். இரண்டும் பொய்க் காகிதம்.

ஒரு பொய் உருப்படியாகச் சொல்லத் தெரியாத மனுஷன். அண்ணி ஆசையாக வாங்கித் தந்த சட்டை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது, "ரொம்ப" என்று ஆரம்பித்து, காது இரண்டும் சிவந்து, "இல்ல அண்ணி" என்று முடித்தவர். இவரை நம்பி அதிகாரி முன்னால் எப்படி நிறுத்துவது?

மார்ச் 8, ஞாயிறு

போனில் ஒத்திகை. நான் அதிகாரி. குரலைக் கட்டையாக்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றிய கேள்விகளில் எல்லாம் சறுக்கினார். மனைவி என்ன வேலை? "துணி தைக்கிறா." துணி இல்லைங்க, திரைச்சீலை! எத்தனையாவது மாடி? "ரெண்டு... மூணா?" பிறந்த தேதியில் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். பதற்றம், பாவம்.

ஆனால் இருபத்திரண்டாம் கேள்விக்கு அசத்திவிட்டார். "எதற்காகத் திரும்பிப் போவீர்கள்?" நான் எழுதிக் கொடுத்த பதில் இரண்டே சொல்: வேலை இருக்கிறது. இவர் சொன்னது: "ஏப்ரல் ஆறு, திங்கக்கிழமை, புதுக் கிளைக்கு நான் பொறுப்பு எடுத்துக்கணும். என் கீழ பன்னெண்டு பேர். அதுல நாலு பேரை நானே தேர்ந்தெடுக்கணும்."

தங்கு தடை இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அடேயப்பா, இவ்வளவு கற்பனை எங்கே வெச்சிருந்தீங்க?" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. "அடுத்த கேள்வி கேளு" என்றார்.

மார்ச் 14, சனி

படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்பு உள்துணி வைத்துத் திரைச்சீலை தைத்தேன். இவருக்கு வெளிச்சம் பட்டால் தூக்கம் வராது. ஊரார் ஜன்னலை எல்லாம் மூடுகிறவள், என் வீட்டு ஜன்னலில் இதுவரை பழைய போர்வைதான் தொங்கியது. கடை முதலாளியம்மா துணியைத் தடவிப் பார்த்து, "கல்யாணக் களை இப்பதான் வருது உனக்கு" என்றார்.

மார்ச் 21, சனி

விமானம் காலை பத்து நாற்பதுக்கு இறங்கியது. பன்னிரண்டு ஆகியும் ஆளைக் காணோம். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலி. அப்போதுதான் போன் வந்தது. குடிவரவு அதிகாரி, ஒரு பெண். மரியாதையான குரல். அதுதான் பயமாக இருந்தது.

உங்களுக்கு என்ன உறவு, எத்தனை நாள் தங்குகிறார் என்று கேட்டார். சொன்னேன். அங்கே வேலையில் இருக்கிறாரா? ஆமாம். பதவி உயர்வு வந்திருக்கிறதாமே? ஆமாம். போன மாதம் இரண்டு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டிருக்கிறாராமே? ஆமாம், ஆமாம். ஜென்மத்தில் அரசாங்கத்திடம் ஒரு பொய் சொன்னதில்லை. நின்ற இடத்தில் மூன்று.

"இங்கே குடியேறும் எண்ணம் இருக்கிறதா?"

"இப்போதைக்கு இல்லை" என்றேன்.

"அப்படி ஒரு எண்ணமே இல்லை என்கிறார் அவர். எங்கள் கணினியிலும் அவர் பெயரில் மனு எதுவும் இல்லை."

எனக்கு உயிர் வந்தது. நல்லவேளை, அந்த அலுவலகத்துக்கும் இந்த அலுவலகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது! "ஆமாம் மேடம், இல்லை" என்றேன்.

இருபது நிமிடத்தில் இவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மெலிந்திருக்கிறார். நான் முதலில் பார்த்தது காதைத்தான். சிவக்கவே இல்லை! பரவாயில்லை, தேறிவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

காலை ஒன்பது மணிவரை தூங்கினார். திரைச்சீலை வேலை செய்கிறது.

மார்ச் 26, வியாழன்

எழுத வேண்டும்.

மதிய இடைவேளையில் கடையிலிருந்து அந்த மேலாளருக்குப் போன் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான். வேலையை விட்டுப்போன ஆளுக்கு இப்படி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாரே, ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? கடிதத்தின் நகலை இவர் எனக்கும் அனுப்பியிருந்தார். நம்பர் அதிலேயே இருந்தது.

"கடிதம் குடுத்து உதவினீங்க சார். மறக்க மாட்டோம்" என்றேன்.

"இதுல உதவி என்னம்மா இருக்கு? வேலை பாக்கறவருக்கு லெட்டர் குடுக்கிறது வழக்கம்தானே."

"இல்ல சார், ஜனவரியில விட்டுட்டார்ல..."

"யாரு? ஜனவரியிலதாம்மா நான் அவர் பேரைப் பதவிக்கே சிபாரிசு பண்ணேன். ஆறாம் தேதி பொறுப்பு எடுக்கறாரு. பன்னெண்டு பேர் காத்துட்டிருக்காங்க."

பன்னெண்டு பேர்.

அவர் நல்ல மனிதர். அதோடு விட்டிருக்கலாம். "நீங்களும் இங்க வந்துட்டா நல்லாயிருக்கும்மா. உங்களுக்கு அந்த ஊரை விட்டு வர மனசே இல்லைன்னு சொல்லி வருத்தப்படுவாரு, பாவம்" என்றார்.

எனக்கா? எனக்கா மனசில்லை?

போனை வைத்ததும் வாயாடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே பேசவில்லை என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்காகச் சமைக்கிறாராம். "உங்க மேலாளர்கிட்ட நன்றி சொன்னேன்" என்றேன். அவ்வளவுதான். காது இரண்டும் சிவந்துபோயிற்று.

"மனு?"

"போடல."

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினது?"

"அலமாரியில இருக்கு." பிறகு, "பதவி வரும்னு பேச்சு வந்துது. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்ததும் சொல்ல முடியல. நீ தாங்க மாட்டேன்னு..."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் வர்றேன்னுதானே சொன்னேன்!"

கத்தியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு வீடு எடுத்திருக்கீங்களே, அதுல எனக்கு இடம் இருக்கா?"

"ஒரு ஆளுக்குத்தான் எடுத்தேன்" என்றார். வேறு பெண் யாரும் இல்லையாம், சத்தியமாம். இருந்திருந்தாலாவது திட்ட ஒருத்தி கிடைத்திருப்பாள்.

அன்றைக்கு விமான நிலையத்தில் நான் சொன்ன பொய் ஒவ்வொன்றும் உண்மை. வேலை உண்மை, வீடு உண்மை, மனு இல்லாதது உண்மை. முன்னே பின்னே தெரியாத அதிகாரியிடம் உட்கார்ந்து எல்லா உண்மையையும் சொல்லியிருக்கிறார். தாலி கட்டிக்கொண்டவளுக்கு மட்டும்தான் கதை. என்னை முட்டாளாக்கினதுகூடப் பரவால்ல — வர மனசில்லாதவ நான்தான்னு ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கானே, படுபாவி!

மார்ச் 27, வெள்ளி

இரவு எட்டு மணிவரை கடையிலேயே இருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

"ரெண்டு வருஷம் டைம் குடு. அப்புறம் யோசிப்போம்" என்றார். இரண்டு வருடம். வாடகை ஒப்பந்தத்தின் அளவுக்குச் சரியாக வெட்டிய வார்த்தை.

நோட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தேன். இந்தத் தடவை குரலை மாற்றவில்லை. இருபத்திரண்டாம் கேள்வி: எதற்காகத் திரும்பிப் போகிறீர்கள்? அழுதார். நான் அழவில்லை. பதில்தான் எனக்கு மனப்பாடமாகத் தெரியுமே. முப்பத்தொன்றாம் கேள்வி: திரும்பும் தேதி?

"நாலாம் தேதி" என்றார்.

"போங்க" என்றேன்.

ஏப்ரல் 4, சனி

போனார். பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட நான் போகவில்லை. உள்ளே வருகிறவரைத்தான் அத்தனை பேர் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். கிளம்பிப் போகிறவரை ஏன் என்று கேட்க ஒரு அதிகாரி கிடையாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

திரைச்சீலையைக் கழற்றினேன். உள்துணி நல்ல துணி. கடையில் மெஷின் மூட ஆகும்.

ஏப்ரல் 17, வெள்ளி

அண்ணி போனில், "இவ்வளவு நடந்தும் உனக்கு அவர் மேல பாசம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, அவர் தூக்கம் கலையாதபடி கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

மே 12, செவ்வாய்

வாயாடியின் கணவன் அடுத்த மாதம் வருகிறானாம். மதியம் என் மெஷின் பக்கத்தில் வந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட இதைக் கேக்கக்கூடாதுதான். அந்தப் பட்டியல் இருக்கா?"

இருந்தது. கிழித்துப் போட மனம் வரவில்லை; மூன்று வாரத்து உழைப்பு. நோட்டிலிருந்து தாளைப் பிரித்து, மேசையில் நீளவாக்கில் வைத்து, நடுவில் கத்தரிக்கோலை ஓட்டினேன். இடப்பக்கத்தை அவளிடம் கொடுத்தேன்.

"பதில் எங்கேக்கா?"

"அவன்கிட்ட இருக்கும். கேளு."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, அந்த மாதிரி..."

"சொல்லிக் குடுக்காதே. அதிகாரி கேக்கறதுக்கு முன்னாடி நீ கேளு. முப்பத்தொண்ணையும் கேளு. அவன் சொல்றதை அப்படியே எழுதிக்கோ."

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

வலப்பக்கம் என் மேசையிலேயே கிடந்தது. வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. இங்கே தங்கும் எண்ணம் இல்லை. நான்காம் தேதி திரும்பிவிடுவேன். எல்லாம் என் கையெழுத்து.

மூன்று மணிக்கு ஒரு வீட்டில் ஜன்னல் அளக்கப் போக வேண்டியிருந்தது. அந்தத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்ததால், அளவு எழுத அதையே எடுத்துக்கொண்டு போனேன்.